மறந்தால் அது வாத்தியார் பொறுப்பு

நோட்டு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, மனப்பாடம் கிடையவே கிடையாது. ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குத் தனிவகுப்பு எடுத்த மிஷேல் தாமஸ், ஸ்பானிஷ் மொழியை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்?

மிஷேல் தாமஸின் ஸ்பானிஷ் வகுப்பு தடை உத்தரவுகளோடுதான் ஆரம்பிக்கும். பாடம் நடக்கும்போது எழுதக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் படிக்கக் கூடாது. கேட்டதை மனசுக்குள் சொல்லிச் சொல்லி உருப்போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முயலவே கூடாது. மாணவருக்கு ஒன்று மறந்துபோனால், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் மாணவர் அல்ல. எந்த இடத்தில் சொல்லித்தந்தது போதவில்லை என்று தேடவேண்டியவர் ஆசிரியர்.

அரைப் பரீட்சை, முழுப் பரீட்சை என்று வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இந்தத் தடைகளை விதித்தவர் வேடிக்கைக்காக விதிக்கவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அமெரிக்காவில் மொழி கற்றுக்கொடுத்தே வாழ்ந்தவர் அவர். நடிகை கிரேஸ் கெல்லி, இயக்குநர் உடி ஆலன், பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் என்று அவரிடம் படித்தவர்களின் பட்டியல் நீளமானது. பிரிட்டிஷ் நடிகை எம்மா தாம்சன் அவரிடம் கற்றது ஸ்பானிஷ். காசும் நேரமும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் இந்தக் கூட்டம், பலன் இல்லாத வாத்தியாரிடம் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பியிருக்காது.

முதல் பத்து நிமிடம்

எந்த மொழிப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்: வணக்கம், என் பெயர் இன்னது, நான் இன்ன ஊர். ஓர் ஆளைச் சந்திக்கும் முதல் அரை நிமிடத்துக்கு இது உதவும். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. தாமஸ் அங்கே தொடங்குவதில்லை. மாணவரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதில் தொடங்குவார்.

அவருடைய மாணவர்களிடம் இருந்தது ஆங்கிலம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் கல்வி வழியாகவும் லத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாக வந்தன. ஸ்பானிஷ் லத்தீனின் நேர் வாரிசு. ஆகவே இரண்டுக்கும் பொதுவான சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வாலை மட்டும் சற்றுத் திருத்தினால் போதும். 'பாசிபிள்' என்பது 'போசிப்லே' ஆகிறது. 'டிஃபரண்ட்' என்பது 'திஃபெரெந்தே', 'நெசசரி' என்பது 'நெசெசாரியோ', 'கண்டிஷன்' என்பது 'கொந்திசியோன்'. ஒவ்வொரு சொல்லாக அல்ல, வாலை வைத்துக் குடும்பம் குடும்பமாக அவற்றை எடுத்துத் தருவார் தாமஸ்.

அடுத்த நொடியே அவற்றை வாக்கியத்தில் கோப்பார். 'எஸ் போசிப்லே': முடியக்கூடியதுதான். 'நோ எஸ் போசிப்லே': முடியாது. 'பாரா மி' என்றால் எனக்கு. 'அசி' என்றால் இப்படி. பத்து நிமிடத்துக்குள் மாணவரின் வாயிலிருந்து 'இப்படிச் செய்வது எனக்குச் சாத்தியமில்லை' என்ற அளவுக்கு ஒரு முழு வாக்கியம் வந்துவிடும். அதை யாரும் அவருக்கு ஊட்டவில்லை; அவரே கட்டினார். தாமஸுக்கு முக்கியம் இந்த 'அவரே'தான்.

இந்தக் குறுக்குவழியில் குழிகளும் உண்டு. 'ஆக்துவால்மெந்தே' என்பதைக் கேட்டால் ஆங்கிலத்தின் 'ஆக்சுவலி' மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் பொருள் 'தற்சமயம்'. இருந்தாலும், குழி நாலு இருக்கிறது என்பதற்காக நாலாயிரம் அடி நல்ல ரோட்டை விட்டுவிட முடியுமா?

வூச் நகரிலிருந்து பெவர்லி ஹில்ஸுக்கு

இந்த மனிதர் மொழியியல் துறையிலிருந்து வந்தவர் அல்ல. 1914-இல் போலந்தின் வூச் நகரில், ஜவுளித் தொழில் செய்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் மோனியெக் க்ரோஸ்கோஃப். சிறு வயதில் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்து பிரான்ஸுக்குப் போனார். போர் வந்தது. ஜெர்மனிக்குப் பணிந்து பிரான்ஸை ஆண்ட விசி அரசின் முகாம்களில் அடைபட்டார், தப்பினார், எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். மிஷேல் தாமஸ் என்பது அந்தத் தலைமறைவு வாழ்க்கையில் சூட்டிக்கொண்ட பெயர். அவருடைய குடும்பத்தார் ஆஷ்விட்ஸில் அழிந்தார்கள்.

விசி அரசின் துணைப்படையினரிடம் சித்திரவதைப்பட்டபோது, கவனத்தை ஒரே புள்ளியில் குவித்து வலியைத் தள்ளிவைக்க முடிந்ததாகவும், மனித மனத்தின் கொள்ளளவு அப்போதுதான் தனக்குப் புரிந்ததாகவும் பின்னாளில் சொல்லிவந்தார். போருக்குப் பின் 1947-இல் அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பெவர்லி ஹில்ஸில் மொழிப்பள்ளி திறந்தார்.

அவருடைய போர்க்கால வரலாற்றைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. 2001-இல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' அதில் சில பகுதிகளைச் சந்தேகித்து எழுதியது. அவர் தொடுத்த அவதூறு வழக்கு தள்ளுபடியானது. 2004-இல், போர்க்களத் தீரத்துக்கான வெள்ளி நட்சத்திர விருதை அமெரிக்க ராணுவம் அவருக்கு வழங்கியது. மறு ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கில் இறந்தார். வாழ்க்கை வரலாற்றை வைத்து வாதாடலாம். வகுப்பறையில் அவர் செய்ததோ ஒலிப்பதிவாக இருக்கிறது, யாரும் கேட்டுப் பார்க்கலாம். 2000-இல், எண்பது வயது தாண்டிய பிறகு, பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், இத்தாலியன் பாடங்களை ஹாடர் பதிப்பகம் ஒலிப்பதிவாக வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர். கேட்பவர் மூன்றாவது மாணவர்: கேள்வி வந்ததும் ஒலிப்பதிவை நிறுத்தி, தன் பதிலைச் சொல்லிவிட்டு, மேலே ஓடவிட வேண்டும்.

வினையைப் பிடித்தால் மொழி வரும்

ஸ்பானிஷ் வினைச்சொல் ஒரு காடு. காலம், இடம், பாவனை என்று சேர்த்தால் ஒரே வினைக்கு ஐம்பதைத் தொடும் வடிவங்கள். பள்ளிகளில் அதைக் கட்டம் போட்டு அட்டவணையாகத் தருவார்கள். மாணவர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். ஒப்பித்தவரைத் தெருவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால், மனசுக்குள் அட்டவணையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பார். அதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

தாமஸ் அட்டவணையையே எடுத்துவிட்டார். அதற்குப் பதில் சில துணைகளை முதலில் தந்தார். 'கியெரோ' என்றால் வேண்டும், விரும்புகிறேன். 'புவேதோ' என்றால் என்னால் முடியும். 'தெங்கோ கே' என்றால் செய்தாக வேண்டும். 'வோய் ஆ' என்றால் செய்யப்போகிறேன். இவற்றுக்குப் பின்னால் மாறாத மூல வினையைச் சேர்த்தால் வாக்கியம் தயார். 'கொமெர்' என்பது சாப்பிட. 'கியெரோ கொமெர்', 'புவேதோ கொமெர்', 'தெங்கோ கே கொமெர்', 'வோய் ஆ கொமெர்'.

கணக்குப் போட்டுப் பாருங்கள். துணை நாலு, மூல வினை பத்து என்றால் நாற்பது வாக்கியம். முன்னால் 'நோ' போட்டால் எதிர்மறை, எண்பது ஆகிவிட்டது. குரலை ஏற்றினால் கேள்வி, நூற்று அறுபது. கையில் இருப்பது என்னவோ பதினைந்து சொல்தான். 'வோய் ஆ' இருப்பதால் எதிர்காலத்தையும் தனியாக ஓர் அட்டவணை இல்லாமலே பேசிவிடலாம்.

அடுத்த படி 'லோ', அதாவது 'அதை'. வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'கொம்ப்ரார்' வாங்க, 'கொம்ப்ரார்லோ' அதை வாங்க. அதற்கு மேல் 'பெரோ' (ஆனால்), 'பொர்கே' (ஏனென்றால்), 'ஆஓரா' (இப்போது). 'கியெரோ கொம்ப்ரார்லோ, பெரோ நோ புவேதோ': அதை வாங்க ஆசைதான், ஆனால் முடியவில்லை. முதல் நாளே வரக்கூடிய வாக்கியம் இது. இதில் ஆசை இருக்கிறது, தடை இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் சொல் இருக்கிறது. மனிதர்கள் உண்மையில் பேசிக்கொள்வது இப்படித்தான்; 'இது பேனா, அது மேசை' என்று யாரும் பேசுவதில்லை.

ஒழுங்கற்ற வினைகளையும் அவர் குடும்பமாக்கினார். 'தெங்கோ', 'வெங்கோ', 'பொங்கோ', 'சால்கோ', 'ஆகோ', 'திகோ': எல்லாம் 'கோ'வில் முடியும் 'நான்' வடிவங்கள். விதிவிலக்கு ஆறு என்று சொன்னால் பயம் வரும். ஆறும் ஒரே சாதி என்று சொன்னால் பயம் போய்விடும்.

ஸ்பானிஷ் படிப்பவர்களை நடுங்கவைக்கும் சப்ஜங்டிவ் என்ற விருப்ப வடிவத்துக்கும் இதே வைத்தியம்தான். முதலில் மரியாதைக் கட்டளை. 'ஆர்'-இல் முடியும் வினைகளும், 'எர்', 'இர்'-இல் முடியும் வினைகளும் இரண்டு தடங்களில் ஓடுகின்றன. கட்டளையில் தடம் மாறுகின்றன. 'ஆப்லா' (பேசுகிறார்) என்பது 'ஆப்லே' (பேசுங்கள்) ஆகும். 'கோமே' (சாப்பிடுகிறார்) என்பது 'கோமா' (சாப்பிடுங்கள்) ஆகும். இது கைக்கு வந்த பிறகு 'அவர் பேச வேண்டுமென்று விரும்புகிறேன்' என்பதற்கும் அதே 'ஆப்லே' போதும். இலக்கணப் பெயர் மிரட்டும் முன்னே இலக்கணம் உள்ளே வந்துவிடுகிறது.

தப்பு நடக்கும் இடம்

ஒலிப்பதிவுகளில் கூர்ந்து கேட்க வேண்டியது, மாணவர் தடுமாறும் கணங்களை. பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த நேரத்தில் சரியான விடையைச் சொல்லிவிட்டு நகர்வார்கள். தாமஸ் விடையைத் தருவதில்லை. வாக்கியத்தைத் துண்டாக்குவார். மாணவருக்கு நிச்சயமாகத் தெரிந்த துண்டுக்குத் திரும்பிப் போவார். அங்கிருந்து அடுத்த துண்டைக் கேட்பார். அரை நிமிடத்தில் மாணவரே விடைக்கு வந்து சேர்வார். ஊகிப்பதற்கும் அனுமதி இல்லை. யோசித்துக் கட்டு, அவசரம் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

இதற்குத் தேவை, ஆசிரியர் தன் பாடத்தின் வரிசையைக் கைரேகை போல் அறிந்திருப்பது. எது எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்தவரால்தான் எந்தப் படி வரை இறங்க வேண்டும் என்று சொல்ல முடியும். 'மறந்தால் என் பொறுப்பு' என்ற வாக்குறுதியின் உண்மையான விலை இது. அவர் சொன்னது பெருந்தன்மை மட்டும் அல்ல; தன் தலையில் தானே ஏற்றிக்கொண்ட வேலை. பழைய சொல்லை அவர் புதிய வாக்கியத்துக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப வரவழைப்பார். மாணவர் தனியாக உட்கார்ந்து செய்யவேண்டிய மறுபார்வையை ஆசிரியரே பாடத்துக்குள் நெய்துவிடுகிறார்.

1997-இல் பிபிசி அவரை வைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தது. லண்டனில் உள்ள சிட்டி அண்ட் இஸ்லிங்டன் கல்லூரியின் மாணவர்களுக்கு ஒரு வாரத்தில் பிரெஞ்சு சொல்லித்தர வேண்டும். பாடம் தொடங்கும் முன் அவர் செய்த முதல் வேலை, வகுப்பிலிருந்த மேசை நாற்காலிகளை வெளியேற்றிவிட்டு, சோபா நாற்காலிகளையும் கம்பளத்தையும் செடிகளையும் உள்ளே கொண்டுவரச் சொன்னது. பதற்றமே கற்றலின் முதல் எதிரி என்பது அவருடைய கொள்கை. பள்ளியின் நாற்காலியில் உட்கார்ந்ததுமே பழைய தோல்விகள் ஞாபகம் வரும் பிள்ளைகளுக்கு, அந்த நாற்காலியை எடுப்பதும் பாடம்தான்.

அவருக்கு முன்னும் பின்னும் வேறு வழிகள் இருந்தன. 1878-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெர்லிட்ஸ் பள்ளிகள் தாய்மொழியை வகுப்புக்குள்ளேயே விடவில்லை. குழந்தை கற்பதுபோல் நேரடியாகக் கற்கவேண்டும் என்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவப் பயிற்சியிலிருந்து வளர்ந்த முறை, ஒரே வாக்கிய அச்சை நூறு முறை சொல்லவைத்தது. பால் பிம்ஸ்லர் 1967-இல், ஒரு சொல்லை எவ்வளவு இடைவெளி விட்டு நினைவூட்டினால் அது தங்கும் என்று நொடிக்கணக்கில் வகுத்தார். தாமஸ் இந்த மூன்றிலிருந்தும் விலகி நின்றார். வளர்ந்த மனிதரிடம் ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது. இல்லாததுபோல் பாவனை செய்வது நேர விரயம் என்று நினைத்தார்.

எட்டாத இடங்கள்

இந்த முறையைக் கொண்டாடுபவர்கள் சொல்லாமல் விடும் சில விஷயங்கள் உண்டு. எட்டு மணி நேர அடிப்படைப் பாடத்தில் கிடைக்கும் சொற்கள் கொஞ்சம். வாக்கியம் கட்டத் தெரியும். ஆனால் ரொட்டிக்கடையில் எதைச் சுட்டி என்ன கேட்பது என்று தெரியாது. அடுத்தது காது. பதிவில் ஒலிப்பது ஆசிரியரின் ஐரோப்பிய உச்சரிப்பும், மாணவர்களின் ஆங்கில வாடையும்தான். ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் மாட்ரிட்டிலோ மெக்சிகோ நகரிலோ சரசரவென்று பேசும்போது, இந்தப் பாடம் மட்டும் கேட்டவர் திகைத்துத்தான் போவார். வாசிப்பும் எழுத்தும் இதில் இல்லவே இல்லை.

இன்னொன்று: நட்சத்திரங்களின் புகழுரை ஆய்வு ஆகிவிடாது. அவரிடம் வந்தவர்கள் தாமாகத் தேடி வந்தவர்கள். தனியாகவோ சிறு குழுவாகவோ, நாள் முழுக்க உட்கார வசதியுள்ளவர்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், தடுமாறும் ஒவ்வொருவரோடும் படியிறங்கி வர எந்த ஆசிரியருக்கும் நேரம் இருக்காது. இந்த முறை தனிவகுப்பில் பிறந்தது. அதன் பலமும் எல்லையும் அதுவே. அஸ்திவாரத்துக்கு இவர், அதன் பிறகு பேச ஓர் ஆள், கேட்க வானொலியும் சினிமாவும் என்று பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

தமிழ் வாயில் ஸ்பானிஷ்

தாமஸ் ஆங்கிலம் பேசுபவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஒருவர் முன்னால் தமிழ் பேசும் மாணவர் உட்கார்ந்தால், அதே கேள்விக்கு வேறு விடை வரும். ஆங்கில வழியாகப் படிப்பதாலேயே நாம் அதைக் கவனிப்பதில்லை.

'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதில் விழுந்து எழுவார். அவருக்கு 'நான்' காபியை விரும்ப வேண்டும். தமிழருக்கோ 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது பிறவியிலேயே தெரியும். 'மே துவேலே லா கபேசா'வும் அப்படித்தான்: எனக்குத் தலை வலிக்கிறது. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று நாம் வினையின் வாலிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறோம். 'நான்' என்று தனியே சொல்லவேண்டியதில்லை. ஸ்பானிஷும் 'ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ்' என்று அதையே செய்கிறது. 'தூ', 'உஸ்தெத்' வேறுபாட்டை நீ, நீங்கள் தெரிந்தவருக்கு விளக்கவே வேண்டாம்.

ஆங்கிலேயரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கும், 'இருத்தல்' என்ற ஒரே பொருளுக்கு வரும் 'செர்', 'எஸ்தார்' என்ற இரட்டை வினைக்கும் நம்மிடம் பாதி வழி இருக்கிறது. 'அவர் டாக்டர்' என்று வினையே இல்லாமல் சொல்லும் இடம் பெரும்பாலும் 'செர்'. 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'களைப்பாக இருக்கிறார்' என்று 'இரு' சேரும் இடம் பெரும்பாலும் 'எஸ்தார்'. 'உயரமாக இருக்கிறார்' என்னும்போது இந்த விதி காலை வாரும். ஸ்பானிஷ் அதற்கு 'செர்'தான் போடும். பாதி வழி கூட்டிப்போகும் விதியைச் சொல்லி, அது எங்கே நிற்கும் என்பதையும் சொல்வது நல்ல வாத்தியாருக்கு அழகு.

ஒலியிலும் நாம் முன்னால்தான் நிற்கிறோம். ஸ்பானிஷின் ஐந்து உயிரும் நம்மிடம் உண்டு. சொல்லுக்கு நடுவே 'லாகோ'வில் வரும் 'கோ', மகன் என்பதன் 'க' போல மெலிகிறது. 'நாதா'வின் 'தா'வும் அப்படியே. 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்றால் நாய். ர, ற வித்தியாசத்தை இன்னும் நாக்கில் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்த மேசையும் அலமாரியும், ஈழத்தில் புழங்கும் சப்பாத்தும், ஸ்பானிஷில் 'மேசா', 'அர்மாரியோ', 'சபாத்தோ' என்று சொந்தக்காரர்களாகவே காத்திருக்கின்றன.

கஷ்டம் வேறு இடத்தில் வரும். உயிரில்லாத பொருளுக்கு நமக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ஸ்பானிஷில் மேசை பெண், புத்தகம் ஆண். நம் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், அங்கே நடுவில். ஆகவே தமிழருக்குப் பாடம் எடுப்பவர் 'மே குஸ்தா'வில் ஓட்டமாக ஓடி, ஆண்பாலையும் பெண்பாலையும் காட்டும் 'எல்', 'லா' வரும் இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். ஆங்கிலேயருக்காக எழுதிய புத்தகமோ இதைத் தலைகீழாகச் செய்கிறது: நமக்குத் தெரிந்ததை மூன்று பாடத்துக்கு விளக்குகிறது.

இன்று ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழி ஸ்பானிஷ். இருபது நாடுகளில் ஆட்சிமொழி. வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ அதைக் கற்க நினைப்பவர்களுக்கு இணையவழித் தனிவகுப்புகள் ஏராளம். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழையும் கட்டணத்தையும் விசாரிக்கிறோம். அதோடு, முதல் வகுப்பு முடிந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்களுக்கு என்னென்ன மொழி தெரியும் என்று அவர் கேட்டாரா? நீங்களே கட்டிய ஒரு வாக்கியமாவது உங்கள் வாயிலிருந்து வந்ததா? நீங்கள் தடுமாறியபோது விடையைச் சொன்னாரா, வழியைக் காட்டினாரா? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் தாராளமாக அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டலாம். நோட்டு வாங்கும் செலவு மிச்சம்.